தைராய்டு சுரப்பியும் உப்பும்: காங்ராவிலிருந்து மோதி பாக் வரை

புதுதில்லியின் வளையச் சாலையை ஒட்டியுள்ள மோதி பாக், மைய அரசு ஊழியர்கள் நெடுங்காலமாகக் குடியிருந்து வரும் பகுதியாகும். பல மாநிலங்களைச் சேர்ந்த குடும்பங்கள் அங்கு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. பணியின் பொருட்டுத் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் அங்கே நடைபெற்று வருகிறது. அதே வளையச் சாலையில் கிழக்கு நோக்கிச் சில கிலோமீட்டர் சென்றால் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நிற்கிறது. 1980-ஆம் ஆண்டில் அக்கழகத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு செய்தி மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. தில்லிப் பள்ளிக்கூடங்களில் படிக்கும் சிறுவர் சிறுமியரிடையே முன்கழுத்துக் கழலை பரவலாகக் காணப்படுகிறது என்பதே அச்செய்தி.

முன்கழுத்துக் கழலை என்பது இமயமலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் ஏழை மக்களின் நோய் என்றே அதுவரை பலரும் கருதி வந்தனர். பாட நூல்களும் அவ்வாறே கூறின. அரசின் திட்டங்களும் அந்த எண்ணத்தின் மீதே அமைந்திருந்தன. சந்தையில் எல்லாப் பொருள்களும் கிடைக்கின்ற, மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் நிறைந்த தலைநகரில் அந்நோய் இருக்கக்கூடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சிறுவர்களின் கழுத்தைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்களின் விரல்களுக்கு அது புலப்பட்டது. இது ஏன் நேர்ந்தது, பின்னர் என்ன செய்யப்பட்டது, இன்னும் என்ன எஞ்சியுள்ளது என்பவற்றை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் முதலில் அந்தச் சுரப்பியைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும்.

சுரப்பியும் அதன் வேலையும்

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவியபடி அமைந்துள்ளது. இரண்டு மடல்களும் அவற்றை இணைக்கும் ஒரு குறுகிய பகுதியும் சேர்ந்து அது வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் தோற்றமளிக்கும். வயது வந்த ஒருவருக்கு அதன் எடை ஏறத்தாழ 20 கிராம்தான். உடலின் ஒவ்வொரு உயிரணுவும் எவ்வளவு விரைவாக எரிபொருளைச் செலவிட வேண்டும் என்பதை இந்தச் சிறு உறுப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. இதயத் துடிப்பின் வேகம், உடலின் வெப்பம், குடலின் இயக்கம், தசைகளின் வலிமை, தோலின் மென்மை, மாதவிடாயின் ஒழுங்கு, குழந்தைகளின் உயர வளர்ச்சி ஆகிய அனைத்திலும் இதற்குப் பங்கு உண்டு.

இச்சுரப்பி இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்களில் முதன்மையானது தைராக்சின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. மூன்று அணுக்களைக் கொண்ட மற்றொரு வடிவமே திசுக்களில் நேராகச் செயற்படுவது. உடல் தைராக்சினிலிருந்து ஓர் அணுவை நீக்கி அதனை ஆக்கிக்கொள்கிறது. மருத்துவர்கள் இவற்றை டி-4, டி-3 என்று குறிப்பிடுவர். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் டி.எஸ்.எச். எனப்படும் தூண்டு ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. தைராக்சின் மிகுந்தால் அதைக் குறைத்துக்கொள்கிறது. இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் தைராய்டு சோர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள்படும். எண் கூடினால் சுரப்பியும் மிகுதியாக வேலை செய்கிறது என்று நோயாளிகள் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கமாக இருப்பதால் இதனை இங்கே சொல்ல வேண்டியுள்ளது. கட்டளை உரக்கப் பிறப்பிக்கப்படுவதே வேலை நடக்கவில்லை என்பதற்கு அடையாளம்; அலுவலகங்களில் பணிபுரிவோருக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

தைராக்சின் குறைந்தால் உடல் தளரும்; குளிர் தாங்காது; எடை கூடும்; தோல் உலரும்; முடி கொட்டும்; மலச்சிக்கலும் மறதியும் தோன்றும்; குரல் கரகரக்கும். மிகுந்தால் இதற்கு நேர்மாறாக, நன்றாக உண்டும் உடல் மெலியும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்வையும் உறக்கமின்மையும் வாட்டும். இவை அனைத்தும் வயது வந்தோர் உணரக்கூடியவை, வாய்விட்டுச் சொல்லக்கூடியவை. மருந்தினால் பெரும்பாலும் சரி செய்யக்கூடியவையுங்கூட. மிகப் பெரிய கேடு வாய் பேச இயலாத பருவத்தில் நிகழ்கிறது.

கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்வதற்குத் தைராக்சின் இன்றியமையாதது. கருவின் சொந்தச் சுரப்பி ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. அதுவரை தாயின் தைராக்சினையே அது முற்றிலும் நம்பியிருக்கிறது. பெரும்பாலான பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை உறுதி செய்துகொண்டு மருத்துவமனைக்கு வருவதற்குள் இந்தக் காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. பிறந்த பின்னரும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மூளையின் வளர்ச்சி இந்த ஹார்மோனைச் சார்ந்தே நடைபெறுகிறது. அப்பருவத்தில் ஏற்பட்ட குறையைப் பிற்காலத்தில் எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது.

இந்த ஹார்மோனை ஆக்குவதற்கு வேண்டிய அயோடின் உடலில் தானாக உண்டாவதில்லை. உணவின் வழியேதான் வர வேண்டும். வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கருவுற்ற தாய்மாருக்கு 250 மைக்ரோகிராம் வரை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒருவர் 70 ஆண்டுகள் வாழ்ந்தால் அவருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் அயோடின் 4 கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். ஆயினும் அந்த ஒரு தேக்கரண்டியை ஒரே நாளில் விழுங்கிச் சேமித்து வைத்துக்கொள்ள இயலாது. அன்றாடம், சிறுகச் சிறுக வந்துகொண்டே இருக்க வேண்டும். நிர்வாகத்திற்கு இதுதான் கடினமான பகுதி.

மண்ணில் இல்லாதது

அயோடின் நிலத்தின் மேற்பரப்பில் தங்குவதில்லை. மழையும் வெள்ளமும் உருகும் பனியும் அதனை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கடற்பாசியிலும் கடல் மீனிலும் அது மிகுந்திருப்பதற்குக் காரணம் இதுவே. 1811-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பெர்னார் கூர்த்துவா என்பவர் அயோடினைக் கண்டறிந்ததும் கடற்பாசியின் சாம்பலிலிருந்துதான். மலைச்சரிவுகளிலும், அடிக்கடி வெள்ளம் புரளும் ஆற்றுச் சமவெளிகளிலும் மண்ணில் அயோடின் மிகக் குறைவு. அம்மண்ணில் விளையும் தானியத்திலும், அங்கே மேயும் மாட்டின் பாலிலும் அது குறைந்தே இருக்கும். கங்கையும் யமுனையும் பாயும் வண்டல் நிலம் செழிப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் செழிப்பில் அயோடின் சேரவில்லை. தலைநகரில் கழலை காணப்பட்டதன் காரணம் இதில் அடங்கியுள்ளது.

அயோடின் போதாதபோது சுரப்பி, கிடைப்பதைக் கொண்டு சமாளிக்க முயன்று பருக்கிறது. இதுவே கழலை. கழுத்தில் தெரியும் வீக்கம் ஓர் அறிகுறி மட்டுமே. அது தெரியுமளவுக்குக் குறைபாடு உள்ள ஊரில் கருச்சிதைவுகளும், இறந்து பிறக்கும் குழந்தைகளும், காது கேளாமையும், வாய் பேசாமையும், அறிவு மந்தமும் கூடவே இருக்கும். மிகக் கடுமையான நிலையில் பிறக்கும் குழந்தைகள் குள்ளமாகவும் மனவளர்ச்சி குன்றியும் வாழ்நாள் முழுவதும் பிறரைச் சார்ந்தே இருக்க நேரிடுகிறது. அத்தகைய கடுமை இல்லாத இடங்களில்கூட, குறைபாடுள்ள ஊர்க் குழந்தைகள் அறிவுத்திறன் தேர்வுகளில் மற்ற ஊர்க் குழந்தைகளைவிடச் சராசரி 13 புள்ளிகள் பின்தங்கியிருந்தனர் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 1994-இல் கணக்கிட்டனர். ஒரு வகுப்பில் ஒரு மாணவன் பின்தங்கினால் ஆசிரியர் கவனிப்பார். வகுப்பு முழுவதுமே சற்றுப் பின்தங்கியிருந்தால் அதுவே இயல்பாகத் தோன்றிவிடும்.

இந்தியாவில் இந்நோயை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி இராபர்ட் மெக்காரிசன். இராணுவ மருத்துவராக வடமேற்கு எல்லையில் கில்கித்துப் பகுதிக்குச் சென்ற அவர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள ஊர்களில் கழலையைக் கூர்ந்து கவனித்தார். மாசுற்ற குடிநீரே நோய்க்குக் காரணம் என்று கருதி, அந்நீரை வடிகட்டி எஞ்சிய வண்டலைத் தாமே உட்கொண்டு சோதித்தும் பார்த்தார். அவருடைய முடிவு முழுமையாகச் சரியானதன்று. எனினும் அவர் பின்னர் நீலகிரியில் குன்னூரில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம் வளர்ந்து உணவூட்ட ஆராய்ச்சி நிலையமாயிற்று. அந்நிலையத்தில் பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவரே வுளிமிரி இராமலிங்கசுவாமி. கழலைக்கு விடை கண்டவர் அவர்.

ஆந்திரத்தின் சிறீகாகுளத்தில் 1921-இல் பிறந்த இராமலிங்கசுவாமி, பின்னர் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராகவும் விளங்கினார். 1956-இல் அவரும் அவருடைய குழுவினரும், இன்று இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த காங்ராப் பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அங்கே நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் கழலை இருந்தது. பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பும், மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட்டு கலந்த உப்பும் வழங்கப்பட்டன. நடுப்பகுதிக்குச் சாதாரண உப்பே சென்றது. மக்களிடம் மாத்திரை விழுங்கச் சொல்லவில்லை, ஊசி போடவில்லை, சமையலை மாற்றச் சொல்லவும் இல்லை. கடைக்கு வரும் உப்பு மட்டும் மாறியது.

ஆறு ஆண்டுகளில் அயோடின் உப்பு சென்ற இரு பகுதிகளிலும் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. சாதாரண உப்புச் சென்ற பகுதியில் குறையவே இல்லை. 1962-க்குப் பிறகு அப்பகுதிக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அங்கும் கழலை குறையத் தொடங்கியது. ஆறு ஆண்டுக் காலம் ஒரு பகுதி மக்களைச் சாதாரண உப்போடு விட்டுவைத்தது முறையா என்ற கேள்வி இன்றைய மாணவர்களுக்கு எழக்கூடும், எழ வேண்டியதே. ஒப்பிட்டுக் காட்டாமல் அரசை நம்ப வைத்திருக்க முடியாது என்பதும், இன்றைய விதிகளின்படி அத்தகைய ஆய்வுக்கு எளிதில் ஒப்புதல் கிடைக்காது என்பதும் சேர்ந்தே நினைக்கத் தக்கவை.

காங்ரா மற்றொரு தொழில்நுட்ப வினாவுக்கும் விடை தந்தது. அயோடைடு ஈரக் காற்றிலும் வெயிலிலும் சிதைந்து ஆவியாகிவிடும். அயோடேட்டு அவ்வளவு விரைவில் சிதைவதில்லை. கோணிப் பையில் கட்டி, திறந்த நடைமேடைகளில் நாட்கணக்கில் கிடந்து, இரயிலில் ஆயிரம் கிலோமீட்டர் செல்ல வேண்டிய இந்திய உப்புக்கு அயோடேட்டே ஏற்றது என்பது அதனால் உறுதியாயிற்று.

மலையிலிருந்து சமவெளிக்கு

காங்ராவின் வெற்றியைத் தொடர்ந்து 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் அது மெல்லவே நகர்ந்தது. கழலை மிகுந்ததென்று அறிவிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மட்டும் அயோடின் உப்பு அனுப்பப்பட்டது. உற்பத்தி நிலையங்கள் சிலவே. அறிவிக்கப்பட்ட மாவட்டத்தில் சாதாரண உப்புக்குத் தடை இருக்கும். எல்லையைத் தாண்டிய அடுத்த மாவட்டத்தில் தடை இராது. விலை குறைந்த உப்பு இரவோடிரவாக எல்லை கடந்து வந்துவிடும். நோய்க்கு மாவட்ட எல்லை தெரியாது என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் உணர்ந்துகொள்ளக் காலம் பிடித்தது.

இந்த நிலையில்தான் தில்லிச் செய்தி வெளிவந்தது. அதைவிட ஆழ்ந்த கவலையைத் தந்தது, அதே கழகத்தின் பேராசிரியர் கொச்சுப்பிள்ளையும் அவரது குழுவினரும் 1980-களில் செய்த மற்றோர் ஆய்வு. அவர்கள் கழுத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், பிறந்த குழந்தைகளின் தொப்புள் கொடி இரத்தத்தைச் சோதித்தனர். கழலை மிகக் கடுமையாக இருந்த வடக்குச் சமவெளிப் பகுதிகளில் பிறந்த 1000 குழந்தைகளில் 75 முதல் 115 பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. தில்லியில் 1000-க்கு 6. கழலை இல்லாத பகுதிகளில் 1000-க்கு 1 மட்டுமே.

தில்லிக்குரிய 6 என்ற எண் சிறியதாகத் தோன்றலாம். கழலை இல்லாத பகுதியைப்போல் அது ஆறு மடங்கு. அக்குழந்தைகள் பிறந்தபோது பார்வைக்கு எந்தக் குறையும் தெரிந்திராது. தொப்புள் கொடி இரத்தத்தைச் சோதிக்கும் வழக்கம் அன்று ஆராய்ச்சியாளர்களைத் தவிர வேறு எவருக்கும் இல்லை. அத்தகைய குழந்தை பின்னாளில் பள்ளியில் பின்தங்கும்போது, 'படிப்பு ஏறவில்லை' என்ற இரண்டு சொற்களில் அச்செய்தி முடிந்துபோயிருக்கும்.

இத்தகைய ஆய்வுகளின் பயனாக, மலைப்பகுதிகளுக்கு மட்டும் என்ற கொள்கை கைவிடப்பட்டது. 1983-இல் தனியார் துறையும் அயோடின் உப்பு உற்பத்தியில் ஈடுபட வழி திறக்கப்பட்டது. நாட்டில் உண்ணப்படும் உப்பு முழுவதற்கும் அயோடின் சேர்ப்பதென 1984-இல் முடிவெடுக்கப்பட்டு, 1986-லிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தில்லியில் 1989-இல் அயோடின் சேர்க்காத உப்பின் விற்பனை தடை செய்யப்பட்டது. 1992-இல் திட்டத்தின் பெயரிலிருந்தும் 'கழலை' என்ற சொல் நீக்கப்பட்டு, அயோடின் குறைபாட்டுக் கோளாறுகள் கட்டுப்பாட்டுத் திட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கழுத்தின் வீக்கத்தைவிட மூளையின் இழப்பே பெரிது என்பதை அப்பெயர் மாற்றம் ஒப்புக்கொண்டது.

சட்டத்தின் வழியோ நேராக இருக்கவில்லை. 1997-இல் நாடு முழுவதற்கும் விதிக்கப்பட்ட விற்பனைத் தடை, 2000-இல் நீக்கப்பட்டது. பொது நலச் செய்திகளை மக்களின் விருப்பத்திற்கே விட்டுவிட வேண்டும் என்று அப்போது காரணம் கூறப்பட்டது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த நாட்டில் சாதாரண உப்பை விற்பதைக் குற்றமாக்குவதா என்று கேட்டவர்களும் உண்டு. சிறு உப்பளக்காரர்களின் பிழைப்பைப் பற்றிய அவர்களது கவலை பொய்யானதன்று. ஆனால் கருவிலுள்ள குழந்தை தன் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாது என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை. 2005 நவம்பரில் மீண்டும் தடை அறிவிக்கப்பட்டு 2006 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம், பழைய உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் அவ்விதியை இயற்ற இடமில்லை என்று கூறி, புதிய ஏற்பாடு செய்துகொள்வதற்கு அரசுக்கு ஆறு மாதம் அவகாசம் அளித்தது. அதன் பின்னர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிமுறைகளில் இத்தடை இடம்பெற்றது.

உப்பு விளையும் ஊரில்

அயோடின் உப்பு என்பதற்கு இரண்டு எண்கள் அளவுகோலாக வைக்கப்பட்டன. உற்பத்தி நிலையத்தில் பத்து இலட்சத்திற்கு 30 பங்கு; வீட்டுக்கு வந்து சேரும்போது குறைந்தது 15 பங்கு. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு, வழியில் நேரும் இழப்பைக் கணக்கில் கொண்டது. இந்த 15 பங்கு உள்ள உப்பு எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதை 2018-19-இல் நாடு தழுவிய ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. நாட்டின் சராசரி 76.3 விழுக்காடு. நகரங்களில் 82.1, கிராமங்களில் 72.4. ஜம்மு காஷ்மீரிலும் நாகாலாந்திலும் ஏறத்தாழ நூறு. மாநிலங்களிலேயே கடைசியாக நின்றது தமிழ்நாடு: 61.9 விழுக்காடு.

குஜராத்தை அடுத்து நாட்டில் மிகுதியாக உப்பு விளைவிப்பது தமிழ்நாடு. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளங்கள். இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் உப்பு உற்பத்தி செய்வதற்கென்றே 1974-இல் மாநில அரசு ஒரு கழகத்தை நிறுவியது. இத்தனையும் இருந்தும் கடைசி இடம் எனில், இத்தனையும் இருப்பதே காரணம் என்றுதான் கொள்ள வேண்டியுள்ளது. நாகாலாந்துக்கு உப்பு தொலைவிலிருந்து வருகிறது. வரும் வழியில் ஆலை, பொட்டலம், முத்திரை, சோதனை ஆகிய அனைத்தையும் கடந்தாக வேண்டும். உப்பளத்தின் அருகே வாழ்பவருக்கோ உப்பு நேராக அளத்திலிருந்தே வந்துவிடுகிறது. அதன் விலை குறைவு. கடல் உப்பில் அயோடின் இயற்கையாகவே இருக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. கடல் நீரில் இருப்பது உண்மை. ஆனால் பாத்தியில் நீர் வற்றிப் படிகமாகும்போது உப்பில் தங்குவது மிகச் சொற்பமே.

கல்லுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் கல்லுப்பை விரும்புவது இன்று நேற்று ஏற்பட்டதன்று. தில்லிக்குக் குடிபெயர்ந்த பின்னரும் ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஊறுகாய்க்கென்று கட்டி எடுத்து வருபவர்கள் உண்டு. கல்லுப்பிலும் அயோடின் சேர்க்க முடியும், சேர்த்தும் விற்கப்படுகிறது. ஆனால் தெளிக்கப்படும் கரைசல் பெரிய கற்களின் மேற்புறத்தில்தான் படிகிறது. எல்லாக் கற்களிலும் ஒரே அளவில் படிவதுமில்லை. மண் போகட்டும் என்று கல்லுப்பைக் கழுவும்போது முதலில் போவது அயோடின். திறந்த சாடியில் அடுப்பருகே வைத்தால் எஞ்சியதும் குறையும். மூடியுள்ள பாத்திரத்தில், ஈரமும் வெப்பமும் இல்லாத இடத்தில் வைப்பதும், சமையலின் முடிவில் உப்பைச் சேர்ப்பதும் பயன் தரும்.

இரத்தக் கொதிப்புக்கு அஞ்சி உப்பைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் ஒருபுறம் சொல்ல, அயோடினுக்காக உப்பைச் சொல்வது முரண்பாடல்லவா என்று சிலர் கேட்பர். நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்பவருக்கு 15 பங்கு உப்பே 150 மைக்ரோகிராம் அயோடினைத் தந்துவிடும். 5 கிராமாகக் குறைத்துக்கொண்டவருக்கு அதே அயோடின் கிடைக்க 30 பங்கு வேண்டும். ஆகவே உப்பைக் கூட்ட வேண்டியதில்லை. உப்பில் அயோடின் குறையாமல் வந்து சேர வேண்டும். உப்பு எவ்வளவு குறைவாக உண்ணப்படுகிறதோ அவ்வளவுக்கு ஆலையிலும் கிடங்கிலும் கவனம் கூட வேண்டும்.

உப்பு தீர்க்காத நோய்

இன்று மோதி பாக் போன்ற ஒரு குடியிருப்பில் தைராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் எவருக்கும் கழலை நினைவுக்கு வருவதில்லை. அதிகாலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் சிறு வெள்ளை மாத்திரைதான் நினைவுக்கு வருகிறது. அடுத்த வீட்டு அம்மாவும் அதைச் சாப்பிடுகிறார். அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருப்பவரும் சாப்பிடுகிறார். தில்லியும் சென்னையும் உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொருவருக்குத் தைராய்டு குறைபாடு இருப்பதாகக் கண்டது. அவர்களில் மூன்றிலொரு பங்கினர் அச்சோதனைக்கு முன்னர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

அயோடின் உப்பு இத்தனை ஆண்டுகளாக உண்ணப்பட்டும் ஏன் இந்நோய் என்ற கேள்வி நியாயமானதே. அயோடின் உப்பால்தான் இந்நோய் என்று சிலர் அதற்கு விடை கூறுவது மட்டும் நியாயமாகாது. இங்கே இரண்டு வேறு நோய்கள் ஒரே பெயரில் குழப்பப்படுகின்றன. மூலப்பொருள் கிடைக்காமல் சுரப்பி தவிப்பது ஒன்று. உடலின் தற்காப்பு அமைப்பே தடம் மாறிச் சுரப்பியைத் தாக்கி அழிப்பது மற்றொன்று. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாக்கரு ஹாசிமோட்டோ விவரித்த நோய் இந்த இரண்டாம் வகை. பெண்களையே இது பெரிதும் தாக்குகிறது. குடும்ப வழியிலும் வருகிறது. எட்டு நகர ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு மேல், சுரப்பிக்கு எதிரான தற்காப்புப் பொருள்கள் இரத்தத்தில் காணப்பட்டன. அயோடின் நெடுங்காலம் குறைந்திருந்த மக்களுக்கு அது திடீரென மிகுதியாகக் கிடைக்கும்போது இத்தகைய தாக்குதல் ஓரளவு கூடக்கூடும் என்பதும் அறியப்பட்டதே. அதனால்தான் அளவு வரையறுக்கப்பட்டிருக்கிறது. அயோடின் மாத்திரைகளையும் கடற்பாசிப் பொடிகளையும் தாமாகவே வாங்கி உண்பது தவிர்க்கத் தக்கது. ஆனால் இதனை அஞ்சிச் சாதாரண உப்புக்குத் திரும்புபவர், தம் வீட்டில் அடுத்துப் பிறக்கவிருக்கும் குழந்தையைப் பணயம் வைக்கிறார்.

இரண்டாம் வகை நோய்க்கு உப்பு மருந்தாகாது. சுரப்பி செய்யாத வேலையை மாத்திரை செய்ய வேண்டும். தைராக்சினின் அமைப்பை 1926-இல் கண்டறிந்த இங்கிலாந்தின் சார்லசு ஹாரிங்டன், அடுத்த ஆண்டிலேயே அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கியும் காட்டினார். இன்று கடைகளில் கிடைக்கும் மாத்திரை அதன் வழிவந்ததே. விலை மிகக் குறைவு; அளவு சரியாக இருந்தால் பக்க விளைவும் இல்லை. எழுந்தவுடன் நீரோடு விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பியைத் தள்ளிப்போட வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் சிகிச்சை தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று சொன்னால் மிகையாகாது. இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணச் சத்து மாத்திரையையும் இதனோடு சேர்த்து விழுங்கினால் தைராக்சின் உடலில் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு இம்மூன்றுமே எழுதித் தரப்படுவதால் இது சிறப்பாக நினைவில் வைக்கத் தக்கது. கருவுற்றதும் தைராக்சினின் தேவை மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடுவதால், மாத்திரை உண்டு வரும் பெண்கள் உடனே மருத்துவரைக் கண்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு ஆகாதென்று அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடுவதே மிகத் தவறான செயல்.

பிறவியிலேயே சுரப்பி இல்லாமலோ செயற்படாமலோ பிறக்கும் குழந்தைகளும் உண்டு. தாய் எவ்வளவு நல்ல உப்பை உண்டிருந்தாலும் இது நேரக்கூடும். இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது. பல மேலை நாடுகளைவிட இந்த வீதம் அதிகம். முதல் சில வாரங்களில் குழந்தை அமைதியாக உறங்கும், அதிகம் அழாது, மஞ்சள் காமாலை சற்று நீடிக்கும். 'நல்ல குழந்தை, தொந்தரவே இல்லை' என்று பாட்டிமார் மகிழ்வர். அந்த அமைதியே நோயாக இருக்கலாம். பிறந்த மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் குதிகாலில் ஊசியால் குத்தி, சில துளி இரத்தத்தை வடிதாளில் எடுத்து டி.எஸ்.எச். அளவைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இரண்டு வாரத்திற்குள் மாத்திரை தொடங்கப்பட்ட குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்து, படித்து, தேர்வு எழுதும். மூன்று மாதம் கழித்துத் தொடங்கினால் மூளைக்கு நேர்ந்துவிட்ட இழப்பை முற்றிலும் மீட்க இயலாது. மருந்து அதுவே, விலையும் அதுவே.

பல மேலை நாடுகளில் இச்சோதனை ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டாயமாகச் செய்யப்படுகிறது. இந்தியாவில் கேரளமும் கோவாவும் போன்ற சில மாநிலங்கள் இதில் முன்னே சென்றன. பிற இடங்களில் பெரும்பாலும் பெற்றோர் கேட்டால் செய்யப்படுகிறது. கேட்க வேண்டும் என்று தெரிந்த பெற்றோர் சிலரே. மகப்பேற்றுக்காக மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பத்தினர், வீடு திரும்பும் முன் பெறும் சீட்டில் குழந்தையின் எடை, தடுப்பூசி விவரம் ஆகியவற்றோடு டி.எஸ்.எச். என்ற மூன்று எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். இல்லையெனில் அங்கேயே கேட்கலாம். நியாயவிலைக் கடைக்கும் சத்துணவுக் கூடத்திற்கும் வந்திறங்கும் உப்பு மூட்டையைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. சிறு குப்பியிலுள்ள மாவுக் கரைசலில் ஒரு துளியை உப்பின் மீது விட்டால், அயோடின் இருப்பின் அது கருநீலமாக மாறும். இல்லையெனில் வெண்மையாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத ஓர் அலுவலருக்கு ஒரு நிமிடம் ஆகும்.